மூக்கின் சாட்சி

தமிழ்க் கதாசிரியர்களுக்கு மூக்கின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. கதாநாயகி அறிமுகமாகும் பக்கத்தில் அவளுக்குக் கூரிய நாசி இருந்தே தீரும். அடியாளாக வருகிறவனுக்குச் சப்பை மூக்கு. வேலைக்காரிக்குக் கறுப்பு நிறமும் சுருட்டை மயிரும். பெரிய மனிதருக்கு ராஜகளை. இதையெல்லாம் வர்ணனை என்று எழுதுகிறவர்களும் நினைக்கிறார்கள், வாசிக்கிறவர்களும் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இது ஜாதகக் கணிப்பு மாதிரிதான் தோன்றுகிறது. இந்த முகத்துக்காரர் எங்கிருந்து வந்தவர், எந்த இடத்தில் உட்கார வேண்டியவர், எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தவர் என்பதையெல்லாம் ஆசிரியர் மூக்கை வைத்தே சொல்லி முடித்துவிடுகிறார். பிறகு அந்தப் பாத்திரம் முந்நூறு பக்கம் நடமாடினாலும் புதிதாக எதையும் செய்துவிட முடியாது.

இந்தப் பழக்கம் கொஞ்சம் சாமுத்திரிகா லக்ஷணத்திலிருந்து வந்தது; பெரும்பகுதி வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த புத்தகங்களிலிருந்து வந்தது. அந்தப் புத்தகங்களில் நமக்கு மிகவும் நெருக்கமானது, எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. ஏழு தொகுதிகள். தமிழ்ப் பல்கலைக்கழகம் இதைத் தமிழிலும் கொண்டு வந்திருக்கிறது. சமீபத்தில் இதன் முதல் தொகுதியையும், மனிதர்கள் உலகெங்கும் பரவிய கதையைச் சொல்லும் வேறு இரண்டு புத்தகங்களையும் ஒரு சேரப் படித்தேன். ஒன்று தோர் ஹேயர்தாலின் 'கோன்-டிக்கி'. மற்றொன்று 2002-ல் வந்த ஸ்பென்ஸர் வெல்ஸின் 'மனிதனின் பயணம்'. மூன்றும் மூன்று காலத்துப் புத்தகங்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒருவர் மூக்கை அளந்து பதில் தேடினார். ஒருவர் கட்டுமரத்தில் ஏறினார். ஒருவர் ரத்தத்தைச் சோதித்தார்.

தர்ஸ்டனைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. வைத்தியம் படித்துவிட்டு வந்து, 1885-ல் சென்னை மியூஸியத்தின் தலைமையை ஏற்று, இருபது வருஷத்துக்கு மேல் இந்த ராஜதானியின் காடு மேடெல்லாம் அலைந்தவர். முத்துக் குளிப்பைப் பற்றி எழுதினார்; பழைய நாணயங்களைப் பற்றி எழுதினார். கல்யாணம், சாவு, சகுனம், சூனியம் எதையும் விடாமல் குறித்துக்கொண்டார். நம்மவர்கள் எழுதி வைக்கத் தகுதியில்லை என்று விட்டுவிட்ட எத்தனையோ விஷயங்கள் இன்று அவர் புத்தகத்தில்தான் இருக்கின்றன. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் கொஞ்சம் பொறாமை கூட உண்டு. ஒரு சடங்கை நாலு வரியில் கண்முன் நிறுத்திவிடுவார். பாஷை தெரிந்த ரங்காச்சாரி மாதிரி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் அட்டையில் அவர் பெயர் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும்.

தர்ஸ்டனின் கையில் ஒரு கருவி இருந்தது. கவராயம் மாதிரி இரண்டு கால் உள்ள இரும்புக் கருவி. அதை வைத்து மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளப்பார். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். 70-க்குக் கீழே என்றால் மெல்லிய மூக்கு. 85-க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு. நடுவில் உள்ளது நடுத்தரம். வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி 1891-ல் இந்த எண்ணைக் கொண்டு ஒரு பெரிய விதியே செய்துவிட்டார். மூக்கு எவ்வளவு மெல்லியதோ, ஜாதி அவ்வளவு உயர்ந்ததாம். மெல்லிய மூக்கு வெளியிலிருந்து வந்தவர்களுடையது, அகன்ற மூக்கு இங்கேயே கிடந்தவர்களுடையது என்பது அதன் உட்பொருள். தெற்கே தர்ஸ்டன் அந்த அளவுகோலோடு புறப்பட்டார்.

அளக்கப் போன இடங்களில் நடந்ததை அவரே சொல்கிறார். வயநாட்டில் பணியர் குடியிருப்புக்கு அவர் போனபோது பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை மியூஸியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். நீலகிரியில் ஓர் இருளர். ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்டவர். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்து, இது தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்துவிட்டார். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகச் சொல்கிறார். வாசிக்கிற நமக்கும் முதலில் சிரிப்பு வருகிறது. இரண்டாம் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் நினைத்தது அவ்வளவு அசட்டுத்தனமா? ஆளைப் பாடம் செய்யவில்லை, வாஸ்தவம். ஆனால் உயரம், தலை, மூக்கு என்று பிரித்து எடுத்துக்கொண்டு போய் அச்சில் அடைத்து வைத்தாகிவிட்டது. பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் எண்கள் இருக்கின்றன. ஏழு தொகுதிகளிலும் அளக்கப்பட்டவர்கள் அளந்தவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் இடம் மிகவும் குறைவு. அதனால்தான் இந்தப் பக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த எண்களையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. தர்ஸ்டன் நேர்மையானவர். சராசரியோடு நிறுத்தாமல், கிடைத்ததில் மிக அதிக அளவையும் மிகக் குறைந்த அளவையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். ஜாதியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த இரண்டு பத்திகளை மட்டும் பாருங்கள். உயர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களிடையே உள்ள அகன்ற மூக்கு, ஒதுக்கப்பட்டவர்களிடையே உள்ள மெல்லிய மூக்கைவிட அகலமாக இருக்கிறது. ஜாதிக்கு ஜாதி சராசரியில் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஜாதிக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பெரிது. ஜி. எஸ். குர்யே 1932-ல் ஜாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ரிஸ்லியின் அளவுகளையே எடுத்துக்கொண்டு, ஹிந்துஸ்தானப் பகுதியைத் தாண்டினால் அந்த விதி நிற்கவில்லை என்று காட்டிவிட்டார். அதற்குள் விதி கதைகளுக்குள் புகுந்துவிட்டது. கதைக்குள் புகுந்ததை வெளியே இழுப்பது எந்தப் புள்ளி விவரத்தாலும் ஆகாத காரியம்.

மூக்கு உண்மையில் என்ன சொல்கிறது? 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மூக்குத் துவாரத்தின் அகலம் முன்னோர்கள் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் ஒட்டி மாறுகிறது என்று காட்டுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புவதற்குக் குறுகிய மூக்கு வசதி. புழுக்கமான ஊரில் அந்தச் சிரமம் தேவையில்லை. தோலின் நிறமும் அப்படித்தான். வெயில் எழுதிய எழுத்து அது. ஆக, மூக்கைப் பார்த்துப் பாட்டன் பூட்டன் ஊரில் எவ்வளவு புழுக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தஸ்தைக் கேட்டால் அதற்குத் தெரியாது. வம்சத்தைக் கேட்டாலும் பாதிக்கு மேல் பொய்தான் சொல்லும்.

வம்ச விஷயத்தில் அது எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்கு நாம் கடலைத் தாண்டிப் போக வேண்டும். தர்ஸ்டனே நம்மை அழைத்துப் போகிறார். முதல் தொகுதியின் முன்னுரையில் ஆனைமலைக் காடர்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அறைந்து ஏறுவதைச் சொல்கிறார். போர்னியோவில் தயாக்குகளும் அப்படியே ஏறுவதாக வாலஸ் எழுதியிருப்பதை ஞாபகப்படுத்துகிறார். காடர்கள் பல்லைச் சீவிக்கொள்கிறார்கள். மலாய் நாட்டுக் காட்டுக் குடிகளிடமும் அது உண்டு. கள்ளர்களும் மறவர்களும் வீசிய வளைதடி, ஆஸ்திரேலியாவின் பூமராங்கை ஒத்திருக்கிறது. அவருக்கு முன்பே, 1870-ல், ஹக்ஸ்லி என்ற மேதை தக்காணத்து மலைக் குடிகளையும் ஆஸ்திரேலியப் பூர்வ குடிகளையும் ஒரே வகையில் சேர்த்துவிட்டிருந்தார். கறுப்பு நிறம், அகன்ற மூக்கு, அலையலையான மயிர், வளைதடி, போதாதா?

போதாது. துப்பறியும் நாவலில் இப்படிச் செய்தால் வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரிக் குடை வைத்திருந்தால் அண்ணன் தம்பி என்று எந்தத் துப்பறிபவனும் சொல்ல மாட்டான். கிளையில்லாத உயர்ந்த மரத்தின் உச்சியில் தேன் இருந்தால், ஆனைமலையானாலும் போர்னியோவானாலும் மனிதன் முளை அடித்துத்தான் ஏறுவான். அதற்குப் பாட்டனார் சொல்லித் தர வேண்டியதில்லை.

பசிபிக் தீவுகளுக்கு நாம் இன்று வழங்கும் பெயர்களிலேயே இந்தக் கோளாறு உறைந்து கிடக்கிறது. துமோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதி 1832-ல் வெளிவந்த கட்டுரையில் அந்த சமுத்திரத்தைப் பங்கு போட்டார். பாலினேசியா என்றால் பல தீவுகள். மைக்ரோனேசியா என்றால் சிறு தீவுகள். மெலனேசியா என்றால் கறுப்புத் தீவுகள். தீவுகளை எண்ணிப் பார்த்து ஒரு பெயர், அளந்து பார்த்து ஒரு பெயர். மூன்றாவதற்கு மட்டும் ஆளின் தோலைப் பார்த்துப் பெயர். கறுப்பர்களைத் தாழ்த்தியும், பாலினேசியர்களை உயர்த்தியும் அவர் எழுதினார். ரிஸ்லிக்கு அறுபது வருஷத்துக்கு முன்னால், வேறொரு கடலில், அதே படிக்கட்டு.

அந்தக் கறுப்புத் தீவுகளில் ஒன்று வனுவாட்டு. அங்கே எஃபாட்டே தீவில் தேயோமா என்ற இடத்தில், 2003-ல் இறால் பண்ணைக்காக மண் எடுத்தபோது ஒரு பழைய இடுகாடு அகப்பட்டது. ஏறக்குறைய 3,000 வருஷத்துக்கு முந்தியது. அந்தத் தீவுகளில் முதன் முதலாகக் காலெடுத்து வைத்தவர்களின் இடுகாடு. புதைத்த பிறகு பெரும்பாலான உடல்களிலிருந்து தலையை எடுத்திருந்தார்கள்; சில மண்டையோடுகள் மட்டும் பானையிலும் பிற இடங்களிலும் இருந்தன. 2016-ல் அந்த எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். இன்றைய வனுவாட்டு மக்களின் தோற்றத்தைப் பார்த்தவர்கள் நியூகினி சம்பந்தத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். கிடைத்ததோ தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சொந்தம். நியூகினிப் பக்கத்து ரத்தம் அந்த முதல் குடிகளிடம் அநேகமாக இல்லவே இல்லை. அது பின்னால், அடுத்த சில நூற்றாண்டுகளில், பிஸ்மார்க் தீவுகளிலிருந்து வந்து சேர்ந்தது. வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊரின் முகத்தையே மாற்றிவிட்டார்கள். ஆனால் பாஷையை மாற்றவில்லை! இன்றும் அங்கே உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பூர்வீக பாஷைகள் எல்லாமே முதலில் வந்தவர்களின் பாஷைக் குடும்பம்தான்.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். முகம் ஒரு திக்கிலிருந்து வந்தது. பேச்சு வேறொரு திக்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. மலேயாவில் உறவினர்கள் உள்ளவர்களுக்குத் தெரியும், மலாயில் ஐந்துக்கு 'லிமா' என்று பெயர். சமோவாவிலும் 'லிமா'. ஃபிஜிக்காரரும் 'லிமா' என்கிறார். ஹவாய்க்காரரும் 'லிமா' என்கிறார். நிறத்தைப் பார்த்தால் இந்த நாலு பேரையும் ஒரு பந்தியில் உட்கார வைக்கத் துமோன் துர்வில் சம்மதித்திருக்க மாட்டார்.

இன்னும் விசித்திரங்கள் உண்டு. ஸாலமன் தீவுகளில் கரிய நிறத்தவர்களிடையே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பொன்னிற மயிர். வெள்ளைக்கார மாலுமிகள் விட்டுப்போன சொத்து என்று வெகு நாள் பேசிக்கொண்டார்கள். 2012-ல் வந்த ஆராய்ச்சி, ஐரோப்பியரிடம் இல்லாத தனி மரபணு மாற்றம் ஒன்றுதான் காரணம் என்று காட்டியது. நமக்குப் பக்கத்தில் உள்ள அந்தமான் தீவுப் பழங்குடிகளைப் பார்த்தால் யாரும் ஆப்பிரிக்கர் என்றே சொல்வார்கள். ரத்தமோ அவர்களை ஆசியர்களுக்கே கிட்டத்தில் வைக்கிறது.

இதற்கெல்லாம் பசிபிக் வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். நான் இருப்பது அத்திப்பட்டில். எண்ணூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் எண்ணூரில் குடியேறின. சில வீடுகளில் பாட்டி பர்மியப் பெண்மணி. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை எங்கள் ஊர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். துறைமுக வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கஹான் ஸே ஆயா?" என்று அதட்டினார். "இன்னா சார், நான் எண்ணூரு. தமிழ்லயே கேளுங்க," என்றான் அவன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அதே மேஸ்திரி, பக்கத்தில் நின்ற கறுத்த, அகன்ற முகத்துக்காரர் ஒருவரிடம் திரும்பி, "நீ சொல்லுப்பா, நம்ம ஊர் ஆளுதானே?" என்று கேட்டார். அவர் ஒரிஸ்ஸாக்காரர். ஒரு வார்த்தை புரியாமல் விழித்தார்.

வேடிக்கைதான். ஆனால் கூலி பேசும்போதும், வாடகைக்கு இடம் கேட்கும்போதும், ரயிலடியில் ஒருவன் பையை மட்டும் திறந்து காட்டச் சொல்லும்போதும் இந்த மூக்கு சாஸ்திரம்தான் வேலை செய்கிறது. தர்ஸ்டனைப் படிக்காதவர்களும் அதைப் பிரயோகிக்கிறார்கள். நம் தொடர்கதைகளைப் படித்திருந்தாலே போதும்.

ஹேயர்தாலுக்கு வருகிறேன். மூன்று புத்தகங்களிலும் கதையாகப் படிக்க இதுதான் முதல் தரம். 1947 ஏப்ரல் 28-ந் தேதி பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து, பால்ஸா மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையில் ஆறு பேரும் ஒரு கிளியும் புறப்பட்டார்கள். 101 நாள் கழித்து ராரோயா என்ற பவளத் தீவில் மோதிக் கரை சேர்ந்தார்கள். கிளி நடுக்கடலில் போய்விட்டது. (இங்கிலீஷ்காரர்கள் நம் 'கட்டுமரம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் பசிபிக்காரரின் இரட்டைப் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். உண்மையில் கட்டுமரம் என்ற பெயருக்குப் பொருத்தமானது ஹேயர்தாலின் மிதவைதான். எண்ணூர்க் குப்பத்துப் பெரியவர் யாரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொள்வார்.) பயம், பசி, சுறா, நட்சத்திரம், நண்பர்களின் கேலி எல்லாம் அளவோடு இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த அழகான கதை எதை நிரூபிக்கப் புறப்பட்டது? பாலினேசியாவுக்கு மனிதர்கள் ஆசியாவிலிருந்து வரவில்லை, அமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து வந்தார்கள் என்பதை. அப்படி வந்தவர்களில் முதன்மையானவர்கள் தாடி வைத்த வெள்ளைத் தோல்காரர்களாம். பெரிய கற்சிலைகள் அவர்கள் கைவண்ணமாம். மூக்களவுகோலைக் கையில் எடுக்காமலே ஹேயர்தால் ரிஸ்லியின் வீட்டுக்குள் போய்விட்டார். பழுப்பு நிறத்து மனிதர்கள் காற்றை எதிர்த்துக் கிழக்கே கப்பல் ஓட்டியிருப்பார்கள் என்பது அவர் கற்பனைக்கு எட்டவில்லை. வருஷத்தில் சில வாரங்கள் காற்று திசை திரும்பி மேற்கிலிருந்து வீசும். அப்போது கிழக்கே புறப்பட்டால், நிலம் அகப்படாவிட்டாலும் வழக்கமான காற்று வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிடும். எதிர்க்காற்றுத் திசையில் தேடிப் போவதுதான் பத்திரமான வழி. இது மாலுமிகளுக்குத் தெரியும். 1976-ல் 'ஹோக்குலேயா' என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தஹீதி வரை போயிற்று. திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. வழி காட்டியவர் சதாவல் என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் படித்தே கொண்டு போய்ச் சேர்த்தார். அவர் மைக்ரோனேசியர், படகு பாலினேசியருடையது என்பதையும் துமோன் துர்விலின் ஞாபகார்த்தமாகச் சொல்லி வைக்கிறேன்.

ஹேயர்தாலுக்கு ஒரு பங்கு நியாயம் கிடைக்கத்தான் செய்தது. பாலினேசியர்கள் தொன்றுதொட்டுப் பயிரிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவுடையது. 2020-ல் வந்த ஆராய்ச்சி, கி.பி. 1200-ஐ ஒட்டி இரண்டு தரப்பும் சந்தித்துக் கலந்ததற்கு ரத்தத்திலேயே சாட்சி இருப்பதாகச் சொன்னது. ஆனால் அதற்குள் பாலினேசியர்கள் அந்த சமுத்திரத்தின் பெரும்பகுதியைச் சொந்த முயற்சியில் கடந்துவிட்டிருந்தார்கள். அமெரிக்கக் கரையைத் தொட்டுத் திரும்பியவர்களும் அவர்களாகவே இருந்திருக்கலாம். அவருடைய புத்தகம் இன்றும் விற்கிறது. நன்றாகச் சொல்லப்பட்ட தப்பு அவ்வளவு சீக்கிரம் மடிவதில்லை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் தர வேண்டிய விஷயம்.

வெல்ஸின் புத்தகத்தில் நமக்குத் தனி அக்கறை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர்கள் ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவை அடைந்துவிட்டார்கள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த அந்தக் காலத்திலும் நடந்தே போய்விட முடியாது. சில இடங்களில் கடலைக் கடந்தே ஆக வேண்டும். கரையோரமாக வந்திருந்தால் இந்தியாவில் எங்காவது சுவடு இருக்க வேண்டுமே என்று தேடினார் வெல்ஸ். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் 'ஒய்' குரோமோஸோமில் எம்-130 என்று ஒரு குறி. எழுத்துப் பிழை மாதிரி ஒரு சின்ன மாற்றம். ஆஸ்திரேலியப் பூர்வ குடிகளிடம் உள்ள அந்தக் குறி, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனின் உதவியோடு, உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் கிடைத்தது. பத்திரிகைகள் அவரை 'முதல் இந்தியர்' ஆக்கிவிட்டன.

வெல்ஸ் மூக்கை நம்பவில்லை. அது பெரிய முன்னேற்றம். சிக்கலான ரசாயனத்தை வீட்டு பாஷையில் சொல்லத் தெரிந்தவர் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் கதாநாயகன் இல்லாமல் கதை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள். 'ஒய்' குரோமோஸோம் அதில் ஒரே ஓர் ஆணைப் பற்றி மட்டும் பேசுகிறது. மற்ற 1,023 பேரும், அவர்களில் சரிபாதிக்கு மேல் இருக்கும் பெண்களும், அந்தக் கணக்கில் வாயடைத்து நிற்கிறார்கள். அந்த இளைஞரின் மற்ற முன்னோர்கள் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் முன்னோர்களிலிருந்து அப்படியொன்றும் வேறுபட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குறியும் இந்தியாவில் வேறு பலரிடம் சிதறிக் கிடக்கிறது. அதை வைத்து ஆஸ்திரேலியரும் நாமும் நேற்றுப் பிரிந்த பங்காளிகள் என்று குதூகலித்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். 2016-ல் அந்தக் குரோமோஸோமை முழுக்கப் படித்துப் பார்த்தார்கள். பிரிவு ஏறக்குறைய 50,000 ஆண்டு பழையது என்று தெரிந்தது.

எனக்கு வெல்ஸின் புத்தகத்தில் உறுத்துவது வேறு. ஜோதிமாணிக்கம் இருக்கும் அதே வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் இருக்கிறது. பிரமலைக் கள்ளர் சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று சட்டம் போட்டு, கைரேகை பதியச் சொன்னது அன்றைய அரசாங்கம். மறுத்த கிராமத்தார் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பலர் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. உடம்பில் ஓர் அடையாளத்தைத் தேடி அதைக் கொண்டு ஆளைத் தீர்மானிப்பதற்கு அந்த மண் ஒரு தடவை ரத்தம் கொடுத்திருக்கிறது. ரத்தத்துக்காக அங்கே போன புத்தகம் இந்த விஷயத்தின் நிழல் கூடப் படாமல் நகர்ந்துவிடுகிறது. அன்று ரேகையை எடுத்துக் குற்றவாளி என்றார்கள்; பிறகு ரத்தத்தை எடுத்து ஆதி புருஷன் என்றார்கள். இரண்டாவது கௌரவமான பட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் சூட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்.

அத்திப்பட்டை ஒட்டிக் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனமில்லை. இங்கே சாம்பலும் சேறுமாகக் கிடக்கும் கழிமுகத்தில் இருளர்கள் இன்றும் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நேர் மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில், இதே ஆற்றுப் படுகையில், அதிரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே பல வருஷம் பொறுமையாகத் தோண்டினார்கள். கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் அறிவித்தார்கள். அதற்குப் பிந்திய, சிறிய, நுணுக்கமான கருவிகள் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று 2018-ல் எழுதினார்கள். நம் இனத்து மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வந்து பரவியதாகச் சொல்லும் காலத்துக்கு வெகு முன்னால் யாரோ இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

யார்? அதிரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்று கூடக் கிடைக்கவில்லை. அளக்க மூக்கு இல்லை, சோதிக்க ரத்தம் இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரைகளில் கதாநாயகனும் இல்லை. கல்லை எந்தப் பக்கம் திருப்பி எந்த இடத்தில் தட்டினார்கள், எந்த மண்ணடுக்கில் எத்தனை கிடைத்தது, கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம்; இவ்வளவுதான் விஷயம். முதலில் படிக்க வறட்சியாக இருந்தது. இரண்டு நாள் விடாமல் படித்தபோது, அந்தக் கைகள் செய்த வேலை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. முகம் தெரியாதது ஒரு குறையாகவே படவில்லை.

ஃபூட் சேகரித்த கற்களில் பெரும்பகுதி எழும்பூர் மியூஸியத்தில் இருக்கிறது. தர்ஸ்டன் ஆண்ட அதே மியூஸியம். தர்ஸ்டனை வாங்குகிறவர்கள் ஏழு தொகுதியையும் வாங்க வேண்டியதில்லை. முதல் தொகுதி போதும். அதிலும் அளவுப் பட்டியல்களுக்குப் பிறகு போகலாம். பணியப் பெண்கள் ஓடிய பக்கத்தை முதலில் படியுங்கள்.